எடை மேடையில புரிஞ்ச விஷயம்: கூர்காவை ரெண்டு தடவை கேம்பர் ஆக்கின அனுபவம்

செட்டிபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு எடை மேடை இருக்குங்க. எம்-சாண்ட் டிப்பர், செங்கல் லாரி, தேங்கா மட்டை ஏத்தின டெம்போ, இதுங்க தான் அங்க வரும். 2022 அக்டோபர்ல ஒரு நாள் காலையில என் ஃபோர்ஸ் கூர்கா எஸ்யூவியை அதுல ஏத்தி நிறுத்தி எடை போட்டு ரசீது வாங்கினேன். அப்புறம் வீட்டுக்கு வந்து உள்ள கட்டியிருந்த மரவேலை, இரும்பு ஃப்ரேம், பேட்டரி, தண்ணி டேங்க், மெத்தை எல்லாத்தையும் ரெண்டு நாள் உக்காந்து கழட்டி, பழைய பின் சீட் ரெண்டையும் திரும்ப மாட்டி, அதே மேடைக்குப் போய் இன்னொரு ரசீது வாங்கினேன். ரெண்டு ரசீதுக்கும் வித்தியாசம் 330 கிலோ. அதாவது நானும் என் மனைவியும் வண்டில ஏறி உக்கார்றதுக்கு முன்னாடியே அஞ்சு ஆள் எடையை உள்ள ஏத்தி வச்சுக்கிட்டு கோயம்புத்தூர்ல இருந்து இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரைக்கும் போயிட்டு வந்திருக்கோம்.

வண்டியை கேம்பரா, அதாவது உள்ளயே படுத்து சமைச்சு ஊர் சுத்துற வண்டியா மாத்தணும்னு ஆசைப்படுற நிறைய பேர் என்கிட்ட முதல்ல கேக்கறது "எவ்ளோ செலவாச்சு" தான். அதையும் சொல்றேன், ஆனா அதை விட முக்கியமா எவ்ளோ எடை ஆச்சுன்னு கேளுங்க, ஏன்னா நான் பட்ட கஷ்டத்துல முக்கால்வாசி அந்த 330 கிலோவால வந்தது.

வண்டி 2021 கடைசில எடுத்த 3 டோர் ஃபோர்ஸ் கூர்கா. மெர்சிடிஸ் வழியில வந்த 2.6 லிட்டர் டீசல் இன்ஜின், 91 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற எஸ்யூவி பக்கத்துல வச்சா இந்த நம்பர் சின்னதா தான் தெரியும், ஆனா லேடர் சேசிஸ், லோ ரேஞ்ச் கியர், முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் தனித்தனி டிஃப் லாக் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் ரெண்டையும் சேத்து சுத்த வைக்கிறது), கம்பெனியே மாட்டிக் குடுக்கிற ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு மேல இருந்து காத்து எடுக்கிற குழாய்), 700 மில்லிமீட்டர் தண்ணில இறங்கலாம்ங்கற கணக்கு, 63 லிட்டர் டேங்க், இது எல்லாம் ஒரே வண்டில நம்ம ஊர்ல வேற எங்க கிடைக்குது சொல்லுங்க. உள்ள உயரமும் நல்லா இருக்கும், பின்னாடி ரெண்டு பக்கமும் பெரிய ஒரே கண்ணாடி, உள்ள படுத்தா மலை முழுசா தெரியும். அந்தக் கண்ணாடிக்காகவே தான் இந்த வண்டின்னு முடிவு பண்ணேன்.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, ஜெர்மனிக்காரர் குந்தர் ஹோல்டார்ஃபோட கதையைப் படிச்சதுல இருந்து. அவரும் அவர் மனைவி கிறிஸ்டீனும் 1988 மாடல் மெர்சிடிஸ் 300 ஜிடி ஒண்ணுல உலகம் முழுக்க சுத்தினவங்க, வண்டிக்கு ஆட்டோன்னு பேரு, நம்ம ஊர் ஆட்டோ இல்ல, அது ஜெர்மன்ல ஒரு ஆம்பளைப் பேரு. 2010-ல கிறிஸ்டீன் இறந்துட்டாங்க, அதுக்கு அப்புறமும் அவர் நிறுத்தல. 2014-ல பயணம் முடிஞ்சப்ப 215 நாடுகளும் பிரதேசங்களும், கிட்டத்தட்ட 9 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போ அந்த வண்டி ஸ்டுட்கார்ட்ல மெர்சிடிஸ் மியூசியத்துக்கு சொந்தம். அதோட இன்ஜின் வெறும் 88 குதிரைசக்தி. அதுக்குள்ள வீடு மாதிரி எதுவும் கட்டல, பின்னாடி ஒரு மெத்தை, அதுக்கு அடியில பெட்டிகள், அவ்ளோ தான். அந்தப் போட்டோவை எத்தனை தடவை பாத்திருப்பேன்னு கணக்கு இல்ல. ஆனா எனக்குன்னு கட்டும்போது அதுல இருந்து நான் எடுத்துக்கிட்டது ஊர் சுத்துற ஆசையை மட்டும் தான், அந்த மெத்தையும் பெட்டியும் சொல்ற விஷயத்தை எடுத்துக்கல.

முதல் தடவை கட்டினது எப்படின்னா, நெட்ல ஆஸ்திரேலியாக்காரங்க கட்டுற வண்டி வீடியோவா பாத்துப் பாத்து, இழுத்தா வெளிய வர்ற டிராயர், அதுல அடுப்பு, பக்கத்துல சிங்க், எல்லாமே வேணும்னு தோணிடுச்சு. அவங்க கட்டுறது டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 சீரிஸ்ல, அது வேற சைஸ் வண்டி, வேற சுமை தாங்குற வண்டி. சுந்தராபுரத்துல தெரிஞ்ச வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட போய் 1 இன்ச் இரும்பு ஸ்கொயர் ட்யூப்ல ஃப்ரேம் அடிக்கச் சொன்னேன். 2 மில்லிமீட்டர் கனம் உள்ள ட்யூப் மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ வரும், 30 மீட்டர் போச்சு, அதுவே 42 கிலோ. அதுக்கு மேல ஆசாரி 18 மில்லிமீட்டர் 710 கிரேட் பிளைவுட் போட்டார், சமையல் ரூம்ல போடுற அதே பிளைவுட், 8-க்கு 4 ஷீட் ஒண்ணு 35 கிலோ, மூணு ஷீட். அது மேல மைக்கா, ஷீட்டுக்கு 4 கிலோ. 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர்க்கு வைக்கிறது, அது மட்டும் 55 கிலோ. 60 லிட்டர் தண்ணி டேங்க். இதுல எதையுமே நான் ஒண்ணா கூட்டிப் பாக்கல. ஒவ்வொண்ணும் தனியா பாத்தா ஸ்ட்ராங்கா, நல்லதா தான் தெரிஞ்சுது.

வெல்டிங் அண்ணன் அப்பவே சொன்னார், "தம்பி, இந்த ஃப்ரேம் மேல நெல்லு மூட்டை அடுக்கலாம், நீங்க ரெண்டு பேர் படுக்கறதுக்கு இவ்ளோ எதுக்கு?" நான் "ரோடு மோசமா இருக்கும்ணா, ஆடக் கூடாது"ன்னு சொல்லிட்டேன். அவரும் அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல, அடிச்சுக் குடுத்துட்டார்.

செப்டம்பர் முதல் வாரம் கிளம்பினோம். சேலத்துல என்எச் 44 பிடிச்சா அப்படியே பெங்களூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லின்னு ஒரே ரோடு. முதல் ராத்திரியே ஒரு விஷயம் நடந்துச்சு, அனந்தபூர் தாண்டி ஓட்டிட்டு இருந்தப்ப எதிர்ல வர்ற லாரிக்காரங்க எல்லாரும் டிப் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் லோ பீம்ல தான் இருந்தேன். ஏன்னு புரியல. ஒரு டீக்கடையில நிறுத்தி வண்டியை பக்கவாட்டுல இருந்து பாத்தப்ப தான் தெரிஞ்சுது, பின்பக்கம் நல்லா உக்காந்திருக்கு, மூக்கு மேல தூக்கியிருக்கு, அதனால ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுலயே அடிக்குது. லைட்டோட உயரத்தை கொஞ்சம் இறக்கி வச்சுட்டு போயிட்டே இருந்தேன். அங்கயே அது என்ன சொல்லுதுன்னு யோசிச்சிருக்கணும். உங்க வண்டிக்கு எதிர்ல வர்றவங்க காரணம் இல்லாம டிப் அடிச்சா, தயவுசெஞ்சு பின்னாடி என்ன ஏத்தியிருக்கீங்கன்னு பாருங்க.

சிம்லா, நார்கண்டா, ராம்பூர், கின்னோர் வழியா மேல ஏறினோம். நாக்கோ 3,600 மீட்டருக்கு மேல. அங்க தான் முதல் குளிர் ராத்திரி. குளிருக்கு பயந்து எல்லா கண்ணாடியையும் இறுக்கமா மூடிட்டுத் தூங்கினோம், அது முழுக்க என் தப்பு. காலையில கண்ணைத் திறந்தா கூரைல இருந்து மூஞ்சில சொட்டு விழுது. அந்தப் பெரிய கண்ணாடி உள்பக்கம் முழுக்க தண்ணி வழியுது, மெத்தையோட ஓரம் ஊறிப் போய், போர்வை ஈரம். ரெண்டு பேர் ஒரு ராத்திரி விடற மூச்சுல நிறைய தண்ணி ஆவியா வெளிய வரும், அது போக வழி இல்லைன்னா குளிர்ந்த கண்ணாடியிலயும் தகரத்துலயும் தான் போய் ஒட்டும். 996-ல கட்டின தாபோ மடாலயத்தைப் பாக்கப் போன அன்னிக்கு, வண்டி பக்கத்துல போர்வை, தலகாணி எல்லாத்தையும் கல்லு மேல காயப் போட்டுட்டு என் மனைவி காவல் உக்காந்திருந்தாங்க, நான் உள்ள போய் பாத்துட்டு வந்தேன், அப்புறம் நான் உக்காந்தேன், அவங்க போனாங்க.

உண்மையான அடி விழுந்தது திரும்பும்போது. ஸ்பிட்டில இருக்கிற காசாங்கற ஊர்ல டீசல் போட்டுட்டு லோசர் வழியா 4,500 மீட்டர் உயரத்துல இருக்கிற குன்சும் கணவாய் ஏறி இறங்கினா பட்டால் வரும். பட்டால்ல இருந்து கிராம்ஃபூ வரைக்கும் அப்போ ரோடுன்னு சொன்னதே கல்லும் ஓடையும் தான். அந்த எடையோட ஒவ்வொரு குழிக்கும் பின் சஸ்பென்ஷன் அடிவரைக்கும் இடிச்சுது, இடிக்கிற சத்தம் முதுகுத்தண்டுல கேட்கும். பட்டால்ல சாயங்காலம் நிறுத்தி சமைக்கலாம்னு டிராயரை இழுத்தா வரல. ரெண்டு நாளா பின் கதவு இடுக்கு வழியா வந்த மாவு மாதிரி புழுதி பால் பேரிங் சேனல் முழுக்க அப்பியிருந்தது, அதோட ஃப்ரேம்ல ஒரு வெல்டிங் விட்டுப் போய் சேனல் கோணிக்கிச்சு. அடுப்பு உள்ள, குக்கர் உள்ள, அரிசி பருப்பு உள்ள. மூணு டிகிரி குளிர்ல டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரால நெம்பிப் பாத்தேன், விரல் மரத்துப் போச்சே ஒழிய டிராயர் அசையல. பக்கத்துல இருந்த தாபாவுல ராஜ்மா சாதம் சாப்பிட்டுப் படுத்தோம். அன்னிக்கு ராத்திரி என் மனைவி சொன்னது தான் ரெண்டாவது தடவை கட்டினதுக்கு அடிப்படை. "ஏங்க, அந்தச் சாமானை எல்லாம் ஒரு கூடையில போட்டு வச்சிருந்தா இந்நேரம் கையை விட்டு எடுத்திருப்போம்ல."

ஊருக்கு வந்து எடை போட்டது, கழட்டினது எல்லாம் முன்னாடியே சொல்லிட்டேன். அடுத்த மூணு மாசம் நான் எதுவும் கட்டல. அதுக்கு பதிலா கிணத்துக்கடவுல அப்பாவோட தோட்டத்துல வண்டியை நிறுத்தி, பின் சீட்டைக் கழட்டி வச்சுட்டு, வெறும் தரையில கோரைப்பாய் விரிச்சு நாலஞ்சு ராத்திரி ரெண்டு பேரும் படுத்தோம். கையில ஒரு சாக்பீஸ். தலை எங்க வருது, கால் எங்க இடிக்குது, ராத்திரி எந்திரிச்சா கை எதைத் தேடுது, தண்ணி பாட்டில் எங்க இருந்தா வசதி, எல்லாத்தையும் தரையிலயும் பக்கச் சுவர்லயும் கோடு போட்டு வச்சோம். முன் சீட்டை முழுசா முன்னாடி தள்ளினா பின் கதவு வரைக்கும் எனக்கு 5 அடி 9 இன்ச் கிடைச்சுது, என் உயரம் 5 அடி 7. நேரா படுத்தா சரியா இருக்கு. முதல் தடவை கட்டில் உயரம் 17 இன்ச், அதுக்கு மேல மெத்தை, அதனால உள்ள நிமிந்து உக்காரவே முடியாது, 18 நாளும் குனிஞ்சே தான் டீ குடிச்சோம். இந்தத் தடவை முதல்ல நிமிந்து உக்கார்றதுக்கு எவ்ளோ வேணும்னு அளந்துட்டு, அதுல இருந்து கீழ கழிச்சு கட்டில் உயரத்தை முடிவு பண்ணேன், 11 இன்ச்.

கட்டிலைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா கேம்பர்னா கட்டில் தான், மத்ததெல்லாம் அப்புறம். ஃப்ரேம் அலுமினிய ட்யூப், 1.5 மில்லிமீட்டர் கனம், ஜன்னல் பார்ட்டிஷன் வேலை பண்றவர்கிட்ட கட் பண்ணி வாங்கினது, மீட்டருக்கு 400 கிராம் கூட வராது. மொத்தமே 9 கிலோ. வெல்டிங் கிடையாது, மூலை எல்லாம் எல் ஆங்கிள், போல்ட், நைலாக் நட் (உள்ள நைலான் வளையம் இருக்கறதால கழலாத நட்). நைலாக் கட்டாயம், சாதா நட் போட்டா ரெண்டாயிரம் கிலோமீட்டர்ல அதிர்வுக்கே கழண்டு விழும். பழைய சீட்டைப் பிடிச்சிருந்த அதே போல்ட் ஓட்டைகள்ல தான் ஃப்ரேமும் உக்காருது, பாடில புதுசா ஒரு ஓட்டை கூடப் போடல. மேல 9 மில்லிமீட்டர் பிளைவுட், மூணு துண்டா, ஒவ்வொண்ணுலயும் நடுவுல வரிசையா ரெண்டு இன்ச் வட்ட ஓட்டை. எடை குறையும், அதை விட முக்கியமா மெத்தைக்கு அடியில காத்து போகும், இல்லைன்னா அடில பூஞ்சை பிடிச்சிரும்.

மெத்தைக்கு ஃபோம் வேண்டாம்னு முடிவு பண்ணி இலவம்பஞ்சு போட்டோம். போடிப் பக்கத்துல இருந்து வர்ற பஞ்சு, டவுன் ஹால் பக்கத்துல ஒரு மெத்தைக் கடைல மூணு இன்ச் கனத்துல, கட்டில் துண்டு மாதிரியே மூணு துண்டா தைக்கச் சொன்னோம். கடைக்காரர் ஒவ்வொரு துண்டுக்கும் அஞ்சு இன்ச்சுக்கு ஒரு முடிச்சு போட்டுத் தந்தார், அந்த முடிச்சு இல்லைன்னா வண்டி குலுங்குற குலுக்கலுக்கு பஞ்சு எல்லாம் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிரும். பகல்ல ஒரு துண்டை மடிச்சு முதுகுக்கு வச்சா சோபா. வெயில்ல ஒரு மணி நேரம் போட்டா புதுசு மாதிரி உப்பி வந்துரும். ஃபோம் ஈரமானா காய ரெண்டு நாள், இது மத்தியானத்துக்குள்ள காஞ்சிரும்.

டிராயருக்கு பதிலா மார்க்கெட்ல காய்கறி போடுற பிளாஸ்டிக் கிரேட், உயரம் கம்மியா இருக்கறதா பாத்து நாலு. ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. சமையல், துணி, டூல்ஸ், மருந்தும் கயிறும். கட்டிலுக்கு அடியில தள்ளி ஒரு ரப்பர் பட்டை மாட்டினா அசையாது. புழுதி வந்தா கழுவிக்கலாம், பேரிங் கிடையாது, சிக்காது, வேணும்னா அப்படியே தூக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போய் அங்க வச்சு சமைக்கலாம்.

கரண்ட் விஷயத்துல முதல் தடவை நான் பண்ணினது ஆபத்தான வேலை, அதை வெளிப்படையா சொல்லிடறேன். ஆசிட் ஊத்துற ட்யூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். மூடின வண்டிக்குள்ள, நாங்க படுக்கிற கட்டிலுக்கு அடியில, வெளிய போக ட்யூப் கூட இல்லாம அதை வச்சிருந்தேன். ஒண்ணும் ஆகல, ஆனா ஆகியிருக்கலாம். இப்போ இருக்கறது 12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், 12 கிலோ. கையில இருக்கிற கரண்ட் 1,280 வாட் ஹவர். லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், இதுல கிட்டத்தட்ட முழுசாவே எடுக்கலாம், அதனால 55 கிலோ பேட்டரி குடுத்த வேலையை இது ஏறக்குறைய அப்படியே குடுக்குது. எங்க செலவு ராத்திரி ஃபேன் 80, லைட் 40, போன் கேமரா லேப்டாப் 100, ஒரு நாளைக்கு 220 வாட் ஹவர். அஞ்சு நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே ஓட்டலாம். ஓடும்போது ஆல்டர்னேட்டர்ல இருந்து 20 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் வழியா ஏறுது, அஞ்சு மணி நேர ஓட்டத்துல ஃபுல். ஃப்ரிட்ஜ் வைக்கல, அதனால சோலார் பேனலும் தேவைப்படல, அதனால கூரை மேல கேரியரும் வேண்டியதில்ல. ஒண்ணை வேண்டாம்னு சொன்னா அதைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மத்த ரெண்டும் தானா கழண்டு போகுதுங்க.

ரெண்டு விஷயம் மட்டும் கண்டிப்பா. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் இருக்கணும், ஒயர் எங்கயாவது உரசி பாடில பட்டா அந்த ஃபியூஸ் தான் வண்டி எரியாம காப்பாத்தும். முன்னாடி பேட்டரில இருந்து பின்னாடி வர்ற ஒயருக்கும் அந்தப் பக்கம் தனி ஃபியூஸ். இன்னொண்ணு, லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தக் கூடாது, உள்ள செல் நிரந்தரமா கெட்டுரும். லடாக், ஸ்பிட்டி போறவங்க குளிர்ல சார்ஜை தானா கட் ஆஃப் பண்ற பிஎம்எஸ் (பேட்டரியைக் காவல் காக்கிற சர்க்யூட்) இருக்கான்னு கேட்டு வாங்குங்க, பேட்டரியை நாம தூங்குற இடத்துலயே வைங்க. நமக்கு கதகதப்பா இருந்தா அதுக்கும் இருக்கும்.

தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்தியாவுல 60 லிட்டர் சுமந்துக்கிட்டுப் போக வேண்டிய ரோடு ரொம்ப கம்மி, பெரும்பாலான ரோட்டுல கொஞ்ச தூரத்துக்குள்ள ஒரு தாபாவோ குழாயோ இருக்கு. இப்போ 10 லிட்டர் கேன் ரெண்டு, ஒண்ணு குடிக்க, ஒண்ணு புழங்க. சமையலுக்கு 5 கிலோ சிலிண்டரும் ஒத்தை பர்னரும். 3,700 மீட்டர்ல தண்ணி 87, 88 டிகிரிலயே கொதிச்சுரும், வெறும் பாத்திரத்துல அரிசி போட்டா வேக ரொம்ப நேரம் ஆகும், பருப்பு சுலபத்துல வேகாது. 3 லிட்டர் குக்கர் ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க, அதுக்கு ஒரு வாஷர் உபரியா. புளிக்காய்ச்சல் எண்ணெய் மிதக்க ஒரு பாட்டில், பருப்புப் பொடி, நார்த்தங்கா ஊறுகா, இது மூணும் ஃப்ரிட்ஜ் இல்லாம மூணு வாரம் தாங்கும். டெல்லி தாண்டினதுக்கு அப்புறம் குளிர்ல நின்னு சுடு சோத்துல புளிக்காய்ச்சல் பிசைஞ்சு சாப்பிடற சுகம் இருக்கே, அதுக்காகவே இன்னொரு தடவை போவேன்.

அடுப்பு எப்பவும் வண்டிக்கு வெளிய. மழையோ பனியோ, பின் கதவைத் திறந்து அதுக்குப் பக்கத்துல, உள்ள கிடையாது. குளிருதுன்னு உள்ள அடுப்பு, கரி எதையாவது பத்த வச்சுட்டுத் தூங்கினா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு மணம் கிடையாது, இருமல் வராது, தூக்கத்துலயே ஆள் போயிருவாங்க. இது நம்ம ஆளுங்களுக்கும் நடந்திருக்கு, அதனால இதுல விட்டுக்குடுக்கவே மாட்டேன்.

ஈரத்துக்குத் தீர்வு ரொம்ப எளிமையானது, காத்து. முன் கதவு ரெண்டுலயும் மழை உள்ள வராம ஜன்னல் மேல ஒட்டுற டோர் வைசர் போட்டு கண்ணாடியை ரெண்டு இன்ச் இறக்கி, உள்பக்கம் கொசு வலை, ஒரு பக்கத்துல கம்ப்யூட்டர்க்கு வைக்கிற மாதிரி ஒரு 12 வோல்ட் சின்ன ஃபேன் காத்தை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். குளிர் உள்ள வருமேன்னு பயப்படாதீங்க, நல்ல ரஜாய் (கனமான பஞ்சுப் போர்வை) இருந்தா போதும், ஈரமில்லாத குளிர் அவ்ளோ படுத்தாது. கூரைக்கு ஏசி டக்ட்ல ஒட்டுற கருப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட், ஏசி மெக்கானிக் ஒருத்தரே வந்து ஒரு மத்தியானத்துல ஒட்டிக் குடுத்தார். தகரத்துல தண்ணி கோத்து சொட்டறது அதோட நின்னுச்சு, ஏப்ரல் வெயிலுக்கும் வித்தியாசம் நல்லா தெரியுது.

சட்டம் பத்தி கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சில இருக்கிற விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியா சொல்லிருச்சு. நிரந்தரமா கேரவன் ஆக்கணும்னா அதுக்கு ஏஐஎஸ்-124ன்னு தனி ஸ்டாண்டர்ட் இருக்கு, அது பெரிய வேலை. பம்பர் முன்னாடி மாட்டுற புல் பார் 2017 டிசம்பர்ல இருந்தே தடை. அதனால தான் நான் வெட்டாம, ஒட்டாம, நாலு ஸ்பேனர்ல ஒரு மணி நேரத்துல கழட்டுற மாதிரி கட்டினேன். சீட்டைக் கழட்டறது பத்தி ஆர்டிஓ ஆபீஸ்ல நேர்ல போய் கேளுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் குடுங்க, சொல்லாம விட்டா நாளைக்கு ஒண்ணுன்னா க்ளைம் மறுக்க அதுவே காரணம் ஆகிரும். அப்புறம் நம்ம பக்கம் காட்டு ரோட்டுல எல்லாம் நிறுத்திப் படுக்க முடியாது, திம்பம், பந்திப்பூர் ரெண்டுமே ராத்திரி 9-ல இருந்து காலை 6 வரைக்கும் மூடிருவாங்க. அது யானைங்க நேரம், நாம அங்க இருக்கக் கூடாது. தோட்டம், கோயில் மண்டபம் பக்கம், பெட்ரோல் பங்க் கேட்டு நிறுத்தினா யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

செலவு முதல் தடவை 1 லட்சத்து 40 ஆயிரம். ரெண்டாவது தடவை 62 ஆயிரம், அதுல பாதிக்கு மேல லித்தியம் பேட்டரியும் சார்ஜரும். அதே எடை மேடைக்குப் போய் ரசீது வாங்கினேன், தண்ணி, சிலிண்டர், குக்கர் எல்லாம் உள்ள வச்சும் கூடுதல் எடை 120 கிலோ தான். சீட்டு எழுதறவருக்கு என்னை ஞாபகம் இருந்துச்சு. "ஏனுங்க, இந்த வாட்டி லோடு கம்மியாயிருச்சே"ன்னார்.

இதை வச்சு இதுவரைக்கும் கொல்லிமலை, மேகமலை, அப்புறம் ஒரு தடவை கட்ச் வரைக்கும் போயிட்டு வந்துட்டோம். ஒரு நட் கழண்டதில்ல, ஒருத்தரும் டிப் அடிக்கல. பழைய இரும்பு ஃப்ரேமை வெல்டிங் அண்ணன் தோட்டத்துக்கே வந்து ஃப்ரேமோட கால்களை மட்டும் நீளம் பண்ணிக் குடுத்தார், இப்போ அப்பா அது மேல தான் மோட்டார் ரூம்ல உர மூட்டை அடுக்கறார், அசையாம நிக்குது. அடுத்த ஜூன்ல லடாக் பக்கம் ஸன்ஸ்கார் போற யோசனை. பின் கதவைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கறதுக்கு முழு நீளத்துக்கு ஒரு வலைத் திரை வேணும், என் மனைவி நேத்து தான் இன்ச் டேப் வச்சு அளந்துட்டு, டெய்லர்கிட்ட காந்தம் வச்சுத் தைக்க முடியுமான்னு கேட்டுட்டு வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை தர்றேன்னு சொல்லியிருக்கார்.